தாய்மாமன் சீரில் ஒரு செல்போன்

மைக் செட் மொக்கைச்சாமிக்குக் குரல் கொஞ்சம் கூடுதல். பண்ணைப்புரத்தில் தன் வீட்டு வாசலில் நின்று மனைவியிடம் காபி கேட்டாரென்றால், அடுத்த தெருவில் யாராவது காபி ஆற்றிக்கொண்டு நிற்பார்கள் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல் எதுவானாலும் ஸ்பீக்கர் பெட்டிகளைத் ‘குட்டியானை’ என்கிற தன் சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். இறக்கிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். மொய் வாசிப்பதும் அவர்தான், காணாமல் போன பிள்ளையை அறிவிப்பதும் அவர்தான், பந்திக்குக் கூப்பிடுவதும் அவர்தான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வியாழக்கிழமை காலையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றார். மனைவி பவுனு அதைப் பார்த்துவிட்டு, என்னமோ ஏதோ என்று கழுவிய பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

போனில் பேசியது விஜயபாண்டி. மொக்கைச்சாமியின் ஒரே தங்கை தேவயானியைக் கட்டிய மாப்பிள்ளை. பழனிசெட்டிபட்டியில் வீடு, தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர் வேலை. அதிகம் பேசாத ஆள். பேசினால் முடிவாகத்தான் பேசுவார்.

“மச்சான், நீங்க குடுத்த சீர நீங்களே வந்து எடுத்துட்டுப் போயிருங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள வரலைன்னா நானே ஒரு பொட்டியில போட்டுப் பஸ்ல குடுத்து விட்டுருவேன். அப்பறம் என்னையக் குத்தம் சொல்லாதீக.”

சீர் திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்று நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். தாய்மாமன் கொண்டுவந்து இறக்கிய தட்டுகளில் ஒரே ஒரு தட்டு திரும்பிப் போனாலும் போதும், இரண்டு வீட்டுக்கும் நடுவில் உறவு அறுந்தது என்று பொருள். அப்புறம் நல்லதுக்கும் போக்குவரத்து இல்லை, கெட்டதுக்கும் இல்லை. மொக்கைச்சாமி இனித் தங்கை வாசலையே மிதிக்க முடியாது.

அந்தச் சீர் என்ன தெரியுமா? ஒரு செல்போன்.

தங்கச்சி மகள் திரிஷா வயசுக்கு வந்தபோது மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தார்கள். விஜயபாண்டியின் பங்காளிகள் எல்லாரும் வாயைப் பிளக்க வேண்டும் என்று மொக்கைச்சாமிக்கு ஒரு வெறி. நகை போட வசதி இல்லை. பட்டும் பழமும் எல்லா மாமனும் கொண்டுவருவதுதான். யோசித்து யோசித்து, பவுனு தலையில் அடித்துக்கொண்டதையும் கேட்காமல், நல்ல பெரிய ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கினார். சிவப்புப் பட்டுத் துணி விரித்த தட்டில் அதைப் படுக்கவைத்து, சுற்றிலும் மல்லிகைப்பூ சுற்றி, நடுத் தட்டாகப் பவுனுவையே தூக்கி வரச் சொன்னார். மேளம் முழங்கியது. மைக்கைப் பிடித்தார்.

“பண்ணைப்புரம் மொக்கைச்சாமி, தாய்மாமன் சீராக, ஸ்மார்ட்போன் ஒண்ணு! என் மருமக இனிமே வெயில்ல தெருத் தெருவா அலைய வேண்டியதில்ல! உலகத்தையே அவ கையில குடுத்துட்டேன்!”

ஒரு தடவை சொல்லி விட்டாரா? மண்டபத்துக்கு வெளியே பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று மூன்று தடவை சொன்னார். கைதட்டல் அள்ளிக்கொண்டு போயிற்று. ஆறு மாதத்துக்குக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டுதான் திரிந்தார் மனிதர்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தேவயானி தவணை தவணையாகப் போனில் சொல்லி அழுததுதான். பிள்ளை சோறு தின்னும்போதும் போன், குளிக்கப் போகும்போதும் போன். பத்தாம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் தேறவில்லை. விஜயபாண்டி ஒருநாள் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். திரிஷா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். தேவயானிக்குப் பொறுக்கவில்லை. “எங்கண்ணன் குடுத்த சீரு. அதத் தொட உங்களுக்கு என்ன உரிமை இருக்கு?” என்று ஒரு வார்த்தையை விட்டாள். அவ்வளவுதான். போன் மறுபடி பிள்ளை கைக்கே வந்தது. அப்பன் தொட உரிமை இல்லை, அம்மா தொட மனசில்லை, கொடுத்தவனோ பண்ணைப்புரத்தில் இருக்கிறான். அந்தப் போனை எடுக்க வீட்டில் ஒருத்தருக்கும் அதிகாரம் இல்லாமல் போயிற்று. இப்படியொரு கூத்து உலகத்தில் வேறெங்காவது நடக்குமா, சொல்லுங்கள்.

மறுநாள் மத்தியானமே மொக்கைச்சாமி கிளம்பிவிட்டார். சின்னமனூர், வீரபாண்டி என்று வண்டி ஓட்டிக்கொண்டு போன வழியெல்லாம் மருமகளிடம் சொல்ல வேண்டிய புத்திமதியைச் சத்தமாகப் பேசிப் பார்த்தார். கண் கெட்டுப்போகும், படிப்புக் கெட்டுப்போகும், ஊர் சிரிக்கும். நன்றாகத்தான் வந்தது. சின்னமனூரில் பன்னீர் திராட்சை ஒரு பை வாங்கிக்கொண்டார்.

பழனிசெட்டிபட்டி போய்ச் சேரும்போது சாயந்தரம் நாலு மணி தாண்டியிருந்தது. தெருவில் பையன்கள் சைக்கிளை வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கை வீட்டு கிரில் கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது.

“ஆத்தா திரிஷா, மாமன் வந்திருக்கேன், தொற!”

பள்ளிக்கூட உடுப்போடு பிள்ளை வந்து நின்றது. முகமெல்லாம் சிரிப்பு. கையில் அந்தப் போன். “வாங்க மாமா. ஒரு நிமிசம் நில்லுங்க, அம்மாட்டக் கேட்டுட்டுத் தொறக்குறேன்.”

“என்னையவா?”

“யாரு வந்தாலும் கேக்காமத் தொறக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லிருக்காக. அப்பா வர ஏழாகிரும். அம்மாவும் அப்பத்தான் வருவா.”

தேவயானி வேலை பார்க்கிற தையல் யூனிட்டில் மெஷின் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை போலும். தாய்மாமன், சடங்கில் முதல் மாலை போட்ட மாமன், திராட்சைப் பையோடு தெருவில் நின்றார். எதிர்வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனாள். பையன்களில் ஒருவன், “யாரு வேணும்ணே?” என்று கேட்டான். வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்ற பிள்ளையைப் பார்த்தால் கோபம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் கால் மணி நேரம் வெளியே நிற்கிறார். அது தினமும் உள்ளே நிற்கிறது.

ஒருவழியாகத் தேவயானி போனை எடுத்துச் சரி சொன்ன பிறகு, கதவு திறந்து உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமினார். “ஆத்தா, மாமன் எதுக்கு வந்திருக்கேன்னா...”

“தெரியும் மாமா. இந்தாங்க.” திரிஷா போனை நீட்டினாள்.

அழுவாள், ஒளித்துவைப்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தார். இதற்குத் தயாராக வரவில்லை. வழியெல்லாம் பேசிப் பார்த்த புத்திமதிக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

“நீங்க குடுத்தது, நீங்க கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு மாமா. இத எடுத்துட்டா நாலு மணியிலருந்து ஏழு மணி வரைக்கும் நான் என்ன செய்ய? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

“படி.”

“படிச்சிட்டு?”

“டி.வி. பாரு.”

“அதுக்கு இதையே பார்க்கலாம்ல?”

மொக்கைச்சாமி மீசையைத் தடவினார். “அட, இதென்ன பெரிய விசயமா? சும்மா உக்காந்திருக்கத் தெரியாதா ஒரு மனுசருக்கு? இப்பப் பாரு, நானும் நீயும் உக்காருவோம். உன் போன் அந்த மேசையில இருக்கட்டும். அப்பா அம்மா வர்ற வரைக்கும் மாமன் உங்கூடச் சும்மா உக்காந்திருக்கேன்.”

உட்கார்ந்தார்கள். ஜன்னல் திரை இழுத்து விட்டிருந்தது, தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று. மின்விசிறி சுற்றியது. பிரிட்ஜ் ஒரு பாட்டம் இரைந்துவிட்டு அடங்கியது. அது அடங்கியபோதுதான் வீட்டில் எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. வெளியே பையன்கள் கத்துவது கேட்டது, யாரோ விழுந்தான், எல்லாரும் சிரித்தார்கள். திரிஷா திராட்சையை ஒவ்வொன்றாகத் தின்றாள். மொக்கைச்சாமி சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தார். நாளைக்கு என்ன விசேஷம், என்ன நட்சத்திரம், ராகு காலம் எப்போது என்று எல்லாம் படித்து முடித்தார். அப்புறம் படிக்க அதில் ஒன்றும் இல்லை.

திரிஷா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

“எதுக்கு ஆத்தா சிரிக்கிற?”

“மாமா, மொதல்ல நீங்கதான் எடுத்தீக.”

குனிந்து பார்த்தார். அவருடைய போன் சட்டைப் பையிலிருந்து எப்போது கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. யாரோ ஒருத்தன் மாட்டுக்கு லாடம் அடிக்கிற வீடியோவைப் பாதிவரை பார்த்திருக்கிறார். இத்தனைக்கும் வந்து உட்கார்ந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெட்கமாகப் போய்விட்டது மனிதருக்கு.

“எனக்கும் தெரியும் மாமா, இது நல்லதில்லைன்னு,” என்றாள் திரிஷா. “கழுத்து வலிக்கிது. பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். யாரோ ஆடுறாக, யாரோ சமைக்கிறாக, எனக்கென்ன வந்துச்சு? கீழ வச்சுரணும்னுதான் நெனைக்கிறேன். வச்சா வீடு இப்படிக் கெடக்கு. என் கூடப் படிக்கிற பிரின்சியும் அவ வீட்டுல இப்படித்தான் உக்காந்திருக்கா. அவளும் நானும் மாத்தி மாத்தி எதையாச்சும் அனுப்பிக்கிட்டே இருப்போம். ஒரே தெருதான் மாமா. நாலு வீடு தள்ளி.”

“நாலு வீடு தள்ளித்தான? எந்திரிச்சு வெளிய போய்ப் பேச வேண்டியதுதான? ரெண்டு பேரும் வெளையாட வேண்டியதுதான?”

வாய் தவறி வந்துவிட்டது. திரிஷா எழுந்து, பின்கதவைத் திறந்து காட்டினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்ன சைக்கிள். இரண்டு சக்கரத்திலும் காற்று இல்லை. குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது, ஹேண்டிலில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அந்த சைக்கிள் மொக்கைச்சாமிக்குத் தெரியும். அதில்தான் இவளும் பிரின்சியும் ஆற்றுத் தடுப்பணை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், தண்ணீர் வழிகிற இடத்தில் கால் நனைத்துவிட்டு, நாவல்பழக் கறையோடு வந்து நிற்பார்கள். வெயில் முகத்தோடு வந்து, “மாமா, கையை விட்டே ஓட்டுவேன், பார்க்குறீகளா?” என்று அந்தத் தெருவையே கூட்டிய பிள்ளை இது.

“சடங்கு முடிஞ்ச மறுநாள் அப்பா பூட்டுனாக. இனிமே எதுக்குன்னு கேட்டாக. நீங்கதான மைக்கில சொன்னீக, தெருத் தெருவா அலைய வேண்டியதில்லன்னு.”

மொக்கைச்சாமி தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு தடவையா சொன்னார்? மூன்று தடவை.

“பூட்டத் தொறக்கச் சொல்றேன் ஆத்தா. இன்னிக்கே சொல்றேன்.”

“தொறந்தாலும் அதுல ஏற முடியாது மாமா. முட்டி இடிக்கும். நான் வளந்துட்டேன்ல.”

அழவில்லை, குரல் உயரவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னது, அவ்வளவுதான். எத்தனையோ மேடைக்கு மைக் கட்டியிருக்கிறார் மொக்கைச்சாமி. தலைவர்கள் தொண்டை கிழியப் பேசியதைக் கேட்டிருக்கிறார். இவ்வளவு நேராக ஒருத்தரும் பேசிக் கேட்டதில்லை. என் மருமகள்டா இவள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று ஒரு எரிச்சல். இரண்டும் சேர்ந்து அவரைப் படாத பாடு படுத்தின.

ஏழு மணிக்கு மில்லிலிருந்து வந்த விஜயபாண்டி காலைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். தேவயானி பின்னாலேயே வந்து, அண்ணனுக்குக் காபியைக் கொடுத்துவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டாள். அண்ணன் முகத்தையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எடுத்துக்கிட்டீகளா மச்சான்?”

“எடுக்கிறேன் மாப்ள. எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பேச்சு. புள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் குடுத்து, சாயந்தரம் செத்த நேரம் வெளிய விட்டா...”

“பதினொண்ணாம் வகுப்புல கவர்மென்டே சைக்கிள் தரும்.”

“அதுக்கும் பூட்டுப் போட்டுருவீகளே!”

விஜயபாண்டியின் முகம் சிவந்தது. “கம்பம் ரோட்டுல லாரி எப்படிப் போகுதுன்னு பார்த்தீகளா? பாலத்துக்கிட்ட எவன் எவன் நிக்கிறான்னு தெரியுமா? நான் மில்லுல நிக்கிறேன், உங்க தங்கச்சி மிஷின்ல நிக்கிறா. ஏதாச்சும் ஒண்ணு ஆகிப்போச்சுன்னா நீங்க வந்து மைக்கில சொல்லுவீகளா? எனக்கு இருக்கிறது ஒரே புள்ள மச்சான்.”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. பொல்லாத மனிதர் இல்லை அவர், பயந்த மனிதர். பயத்துக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருந்தார். அது மொக்கைச்சாமிக்குப் புரிந்தது. 

“பேச்ச மாத்தாம சீர எடுங்க. இல்லைன்னா நான் அனுப்புறேன்.”

“மேளத்தோட குடுத்தது மாப்ள,” என்றார் மொக்கைச்சாமி. “பையில போட்டு எடுத்துட்டுப் போனா எனக்கு மரியாதை இல்ல. வர்ற ஞாயிறு விட்டுட்டு மறு ஞாயிறு மேளத்தோட வாரேன். ஊரு பார்க்கத் தந்தேன், ஊரு பார்க்க எடுத்துக்கிறேன்.”

விஜயபாண்டி சரியென்று தலையாட்டினார். தேவயானி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறை வாசலில் நின்ற திரிஷா மாமனை ஒரு பார்வை பார்த்தாள். இவ்வளவும் பேசியது வீணாகப் போச்சே என்கிற பார்வை. அப்படியே உள்ளே போய்விட்டாள். அந்தப் பார்வையைச் சுமந்துகொண்டு மொக்கைச்சாமி பண்ணைப்புரம் வந்து சேர்ந்தார்.

சொல்லப்போனால் மேளத்தோடு வருகிறேன் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாரே தவிர, அவரிடம் ஒரு திட்டமும் கிடையாது. ஒரு வாரம் கிடைத்தால் போதும் என்று சொன்னதுதான். சாப்பிடாமல் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தவரிடமிருந்து பவுனு முழுக்கதையையும் கறந்துவிட்டாள். கேட்டு முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“இதுக்கா இப்படி உக்காந்திருக்கீக? அந்தப் போன அவுகளால ஏன் வேணாம்னு சொல்ல முடியல? தாய்மாமன் சீரு. மேளத்தோட வாசல்ல வந்து எறங்குனத வேணாம்னு சொல்ல எந்த ஆம்பளைக்கும் நாக்கு வராது. சீரக் குடுத்துத்தான புள்ளையக் கட்டிப் போட்டீக? சீரக் குடுத்தே அவுத்து விடுங்க.”

மொக்கைச்சாமி மனைவியைப் பார்த்தார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் பவுனு சொன்னதைக் கேட்காமல் விட்ட இடமெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. எழுந்து சட்டையை மாட்டினார்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் பழனிசெட்டிபட்டியில் அந்தத் தெருவே வெளியே வந்துவிட்டது. நாதஸ்வரமும் மேளமும் முன்னால் வர, பின்னால் பண்ணைப்புரத்துப் பெண்கள் பட்டுச்சேலை கட்டித் தட்டுகளைத் தூக்கி வந்தார்கள். ஒரு தட்டில் தேங்காய் பழம், ஒரு தட்டில் மல்லிகைப்பூ. அதெல்லாம் சரி. அடுத்த தட்டில் காற்றடிக்கிற பம்பு இருந்தது. அதற்கடுத்ததில் ஒரு ஜோடி ஷூ. அதற்கடுத்ததில் எண்ணெய் டப்பாவும் ஸ்பேனரும். இன்னொன்றில் பூட்டும் சாவியும், சாவிக்குக் குங்குமம் வைத்திருந்தது. பவுனு கையில் மட்டும் வெற்றிலை வைத்த வெறும் தட்டு. கடைசியில், குட்டியானை வண்டியின் மேல் மாலை போட்டு நெற்றியில் சந்தனம் வைத்து மணமகள் மாதிரி நின்றது ஒரு புது சைக்கிள்.

“யாரு வீட்டுல விசேசம்? அந்தப் புள்ளைக்குத்தான் எப்பயோ சடங்கு முடிஞ்சிருச்சே!” என்று எதிர்வீட்டு அம்மா கேட்க, “இது வேற சடங்கு மதினி!” என்றாள் பவுனு.

மொக்கைச்சாமி மைக்கைப் பிடித்தார். ஒரு தடவை தட்டிப் பார்த்தார். 

“பண்ணைப்புரம் மொக்கைச்சாமி, தாய்மாமன் சீராக, சைக்கிள் ஒண்ணு! ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதே மைக்குல என் மருமக தெருவுக்கு வர வேண்டியதில்லன்னு சொன்னேன். சொன்னது தப்பு! தெரு அவளுக்கும் உண்டு! அந்தப் போனத் திருப்பி வாங்கிக்க வெறும் தட்டோட வந்திருக்கேன். இந்த சைக்கிள மாப்பிள்ள கையால வாங்கிக்கணும்!”

இந்தத் தடவை ஒரு முறைதான் சொன்னார். மேளம் நின்றது.

விஜயபாண்டி கிரில் கேட்டுக்குள் நின்றார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். சீர் வந்தால் வீட்டுத் தலைவன் முன்னால் வந்து இரண்டு கையாலும் தொட்டு வாங்க வேண்டும். அவர் வரவில்லை. தெரு முழுக்க அவர் முகத்தையே பார்த்தது. அவர் திரும்பி உள்ளே போய்விட்டால் எல்லாம் முடிந்தது. தேவயானிக்கு அண்ணன் இல்லை, மொக்கைச்சாமிக்குத் தங்கை இல்லை. 

திரிஷா வெளியே வந்தாள். கையில் போன். நேராக அத்தை பவுனுவிடம் போய் வெற்றிலைத் தட்டில் அதை வைத்தாள். சைக்கிளைப் பார்த்தாள். அதன்மேல் கை வைக்க எவ்வளவு ஆசை என்பது அவள் விரலில் தெரிந்தது. வைக்கவில்லை. திரும்பி அப்பாவிடம் போனாள்.

“அப்பா, நீங்க வாங்கிக் குடுத்தாத்தான் ஏறுவேன். வேணாம்னா வேணாம். போனும் வேணாம், இதுவும் வேணாம். உங்களப் பயமுறுத்திட்டு நான் எங்கயும் போக மாட்டேன்.”

அடேயப்பா! தெருவில் நின்ற பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்தாலும் இப்படியொரு வார்த்தை வந்திருக்காது. மாமனைத் துணைக்கு வைத்துக்கொண்டு அப்பனை ஜெயித்துவிட்டுப் போயிருக்கலாம் அவள். ஊரே அவள் பக்கம் நின்றது. ஆனாலும் அப்பனைத் தனியாக விடவில்லை பிள்ளை.

விஜயபாண்டி வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வண்டியிலிருந்து சைக்கிளை இரண்டு கையாலும் இறக்கித் தரையில் வைத்தார். மாலையைக் கழற்றிக் கேட்டில் மாட்டினார். டயரை அமுக்கிப் பார்த்தார், செயினைச் சுற்றிப் பார்த்தார். பின்பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னால் தள்ளினார். சக்கரம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

“பின்பிரேக்கு லூசா இருக்கு மச்சான். இதப் பார்க்காமயா கொண்டாந்தீக?”

அப்படியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சீர்த் தட்டில் இருந்த ஸ்பேனரை மொக்கைச்சாமி எடுத்து நீட்டினார். தேவயானி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேளக்காரர் அடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

முறுக்கி முடித்து, நாலைந்து தடவை பிடித்துப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் எழுந்தார் விஜயபாண்டி. “ஆத்து ரோட்டு வழியாத்தான் போகணும். தடுப்பணை வரைக்குந்தான். பிரின்சியையும் ஏத்திக்க. இருட்டுறதுக்குள்ள வந்துரு.”

திரிஷா பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஏறினாள். முதலில் ஹேண்டில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது, அப்புறம் நேரானது. நாலு வீடு தள்ளி பிரின்சி தயாராக வாசலில் நின்றாள், ஓடிவந்து பின்னால் ஏறிக்கொண்டாள். தெருமுனையில் திரும்பும்போது திரிஷா ஒரு கையை விட்டுத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பேரும் மறைந்தார்கள். மேளம் அப்போதுதான் முழங்கியது.

மேளக்காரர்கள் காபி குடித்தார்கள். பெண்கள் தட்டுகளை உள்ளே வைத்துவிட்டு வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். விஜயபாண்டி கேட்டை விட்டு நகரவில்லை. தெருமுனையையே பார்த்தார். உள்ளே போவார், வருவார். கம்பம் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தால் அவர் கழுத்து அந்தப் பக்கம் திரும்பும். பொறுக்க முடியாமல் பையிலிருந்து தன் போனை எடுத்து நம்பரைத் தட்டிக் காதில் வைத்தார்.

அவருக்குப் பக்கத்திலேயே, பவுனு மடியில் இருந்த வெற்றிலைத் தட்டில், திரிஷாவின் போன் அடித்தது. திரையில் ‘அப்பா’ என்று வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை விஜயபாண்டி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தன் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கேட் படியில் உட்கார்ந்தார். கை சும்மா இருக்கத் தெரியாமல் வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் சும்மா உட்கார்ந்து ஒருத்தருக்காகக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று மொக்கைச்சாமிக்குப் போன வாரம்தான் தெரிந்திருந்தது. அவரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இத்தன நேரமா இவ இப்படியா உக்காந்திருந்தா மச்சான்? தெனமும்?”

“ஆமா மாப்ள.”

விஜயபாண்டி பவுனு பக்கம் திரும்பி, “அந்தத் தட்ட உள்ள வைங்க தங்கச்சி,” என்றார். “சீரு எதுவும் திரும்பிப் போக வேணாம். போனு இங்கனயே கெடக்கட்டும். வேணும்னா எடுத்துக்குவா.”

மொக்கைச்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தம் போட்டு எதையாவது சொல்லிவிடுவோமோ என்று பயந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அவள் இனிமேல் போனையே தொட மாட்டாள் என்று அவர் நினைக்கவில்லை. தொடத்தான் செய்வாள், ராத்திரியே எடுத்துப் பிரின்சிக்கு எதையாவது அனுப்புவாள். எடுக்கட்டும். இனி அது அவள் கையில் இருக்கும், அவள் அதற்குள் இருக்க மாட்டாள்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் மணிச் சத்தம்தான் கேட்டது. விஜயபாண்டி விருட்டென்று எழுந்தார். தெருமுனையில் சைக்கிள் திரும்பியது. இரண்டு பிள்ளைகளுக்கும் பாவாடை ஓரமெல்லாம் ஈரம், முகமெல்லாம் வேர்வை, மூச்சு வாங்கச் சிரிப்பு. திரிஷா நேராக வேகமாக வந்து, அப்பா காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிறீச்சென்று நிறுத்தினாள்.

“அப்பா, பிரேக் நல்லாப் பிடிக்குதுப்பா.”